தாடியும் உடுப்புக் கூடையும்

என் கணவர் பேனாட் தன் தம்பி வீட்டுக் கயிற்றை வெட்டியது ஆட்டிறைச்சி வெட்டும் கத்தியால். பெரிய சனிக்கிழமை, பட்டப்பகல். மேல்வீட்டுப் பல்கனியிலிருந்து பின்முற்றத்துக் கம்பம்வரை கப்பியில் ஓடுகிற, உடுப்புக் காயப்போடும் கயிறு அது. இரும்புப் படியில் பாதி ஏறி, கைக்கெட்டிய இடத்தில் ஒரே வீச்சு வீசினார். அதில் தொங்கிய சஜிதா வீட்டில் போடும் சோட்டிக் கவுன்கள், உள்பாவாடைகள், துவாய்கள் எல்லாம் ஏப்ரல் மாதத்து அழுகின பனியிலும் சேற்றிலும் போய் விழுந்தன. வெட்டிவிட்டு அவர் நிமிர்ந்து நின்ற நிலையைப் பார்த்திருக்க வேண்டும். நல்லபாம்பை அடித்துப் போட்டவர்கூட அப்படி நிற்கமாட்டார்.

ஒழுங்காகச் சொல்கிறேன். நினைத்தாலே ஆத்திரம் வருவதால் நடுவில் தொடங்கிவிட்டேன்.

நாங்கள் இருப்பது மொன்ட்ரியால்-நோரில், ஒரு மூலை வீட்டில். கீழ்வீட்டில் நானும் இவரும். மேல்வீட்டில் இவருடைய தம்பி டெனிஸ்டனும் அவன் மனைவி சஜிதாவும். மூலை வீடு என்பதால் பின்முற்றம் முழுக்க றோட்டுக்குத் தெரியும். கோயிலுக்குப் போகிற எங்கள் சனம் அந்த வழியால்தான் போகும், வரும். போகும்போது பார்க்கவும் செய்யும்.

சஜிதாவுக்கு ஏழாம் மாதம். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாயை மூடிக்கொண்டு கிடக்கிறது, பாரம் தூக்கினாலோ படி ஏறி இறங்கினாலோ இரத்தம் உடைத்துக்கொண்டு வரும், தாயும் போகலாம் பிள்ளையும் போகலாம் என்று டொக்டர் மூடி மறைக்காமல் சொல்லிவிட்டார். கட்டிலை விட்டால் கழிவறை, கழிவறையை விட்டால் கட்டில். அதற்கப்பால் அவள் கால் வைக்கக் கூடாது.

டெனிஸ்டனுக்குப் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் வேலை. விடியமுன் போய்ப் பின்னேரம் திரும்புவான். வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு குசினிக்குள் இறங்குவான். சோறு, பருப்பு, கீரை, மீன்குழம்பு. பிறகு அவளைத் துடைத்து, தலை பின்னி, காலுக்கு எண்ணெய் தேய்த்து, அவளுடைய உடுப்புகளைத் தோய்ப்பான். மெஷினில் சூடு காட்டிக் காயவைத்தால் அவளுக்கு உடம்பெல்லாம் கடிக்கிறது என்று, குளிர் கொஞ்சம் விட்ட நாளிலிருந்து எல்லாவற்றையும் வெளியே கயிற்றில் போட்டான். சோட்டியை இரண்டு உதறு உதறி, தோள் மடிப்பை நீவி, கிளிப் குத்துகிற பக்குவம் எனக்கே வராது. “நான் தோய்ச்சுத் தாறன், விடும்” என்று ஒருநாள் சொன்னேன். “உங்களுக்கு உங்கட வேலை காணும் அண்ணி. இது என்ர வேலை” என்று சொல்லிவிட்டான்.

கோயிலில் அவனுக்கு ‘டெனிஸ்டம்மா’ என்று பெயர் வைத்தார்கள். அவன் சிரித்துக்கொண்டு போனான். சிரிக்காதவர் என் கணவர்தான்.

இவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் டவுன்டவுனில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். பிறகு அங்கேயே சமையல்காரர் ஆனார். ஊரார் எச்சில் கோப்பையை வருஷக்கணக்காகக் கழுவிய மனிதர், வீட்டில் தான் குடித்த தேத்தண்ணிக் கோப்பையைத் தண்ணீரில் நனைத்ததுகூட இல்லை. அங்கே கழுவினால் வேலை, இங்கே கழுவினால் வெட்கம். படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில் என்று சைவச் சனம் சொல்லும். வேதக்காரரான எங்களுக்கும் அது நன்றாகவே பொருந்தும்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. பிள்ளைத்தாச்சியின் புருஷன் உயிர் கொல்லக் கூடாது, சவரம் செய்யக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது. வேதப் புத்தகத்தில் இது எந்தப் பக்கத்திலும் இல்லை. சுவாமியாரைக் கேட்டால் சிரிப்பார். ஆனால் எங்கள் ஆம்பிளைகள் ஞாயிறு பூசையை விட்டாலும் இதை விடமாட்டார்கள். கஷ்டமில்லாத காரியம்தானே. ஒன்றும் செய்யாமல் இருந்தாலே போதும், செய்ததாகக் கணக்கு.

நான் பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது இவர் அதை அணுவளவும் பிசகாமல் காத்தார். நெஞ்சைத் தொடும் தாடி. ஈஸ்டர் ஆட்டுக்குக் கிட்டவும் போகவில்லை. சொந்தச் சித்தப்பாவின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்கவில்லை. குசினிக்குள் ஓடிய எலியை நான் தும்புத்தடியால் அடிக்கப் போனபோது, “உயிர், விடு” என்று தடுத்தார். பேனாட்டைப் போல ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்துவைக்க வேண்டும் என்று பெண்கள் மெச்சினார்கள்.

அப்போது நாங்கள் மேல்வீட்டில் இருந்தோம். உடுப்புத் தோய்க்கும் மெஷின் வீட்டில் இல்லை. தெருமுனைச் சலவைக் கடைக்குக் கூடையை நான்தான் தூக்கிப் போவேன். நல்ல மாரி. பின்பக்கத்து இரும்புப் படி முழுக்க ஐஸ். வயிற்றுக்கு மேலே கூடை, கூடைக்கு மேலே அவருடைய கம்பளிச் சட்டைகள், கால் வைக்கிற இடம் தெரியவில்லை. உள்ளே இவர் தாடியைத் தடவிக்கொண்டு சிநேகிதர்களோடு காட்ஸ் விளையாடிக்கொண்டிருந்தார். மேல் படியில் வழுக்கிய நான் கீழ்ப் படியில்தான் நின்றேன். ஆம்பிளைப் பிள்ளை. ஆறு மாதம். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தங்கவில்லை.

இவர் அழுதார், அதைப் பொய் சொல்லக் கூடாது. அழுது முடித்து, “ஆண்டவற்ற சித்தம். செய்யவேண்டியதெல்லாம் நான் செய்தனான்” என்றார். தாடியை வழித்தார். இன்றுவரை அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடுகிறார்.

அதனால்தான் தம்பி பல்கனியில் நின்று சோட்டியை உதறும்போதெல்லாம் இவருக்கு உடம்பு எரிந்தது. மானம், மரியாதை என்று வாய் சொல்லும். உள்ளே இருந்தது வேறு. தம்பி தூக்கிய ஒவ்வொரு கூடையும் இவர் தூக்காமல் விட்ட கூடையைக் காட்டிக் கொடுத்தது. சஜிதாவின் பிள்ளை பிழைத்துவிட்டால், என் பிள்ளையை எடுத்தது ஆண்டவர் இல்லை என்று ஆகிவிடும். அந்தப் பயம் இவருக்கு. எனக்கோ அந்தப் பிள்ளை பிழைத்தே தீரவேண்டும். அவ்வளவு ஆசைப்பட்டேன், செபமாலை உருட்டி உருட்டி விரல் காய்த்துப்போகுமளவுக்கு.

பெரிய வெள்ளியன்று சஜிதா நண்டுக் குழம்பு கேட்டாள். பிள்ளைத்தாச்சிக்கு ஒருசந்தி விரதம் இல்லை. டெனிஸ்டன் உயிர் நண்டு வாங்கிவந்து மேலே குசினியில் ஓடு உடைத்தான். சத்தமும் மணமும் கீழே வந்தபோது இவர் கஞ்சிக் கோப்பையைத் தள்ளிவிட்டார்.

“பார், உயிர் கொல்லுறான். ஒவ்வொரு நாளும் முகத்தை வழிச்சுப்போட்டுத் திரியிறான். அருமைநாதன்ர தாயின்ர சவப்பெட்டியைத் தூக்கினவன். செய்யக்கூடாததெல்லாத்தையும் செய்துபோட்டு, பொம்பிளையளின்ர பாவாடையைத் தோய்க்கிறான். இந்தப் பிள்ளைக்கு என்னவும் நடந்தா அவன்தான் பொறுப்பு.”

“வாயைக் கழுவுங்கோ” என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், நடந்தால் நல்லது என்பதுபோல ஏதோ ஒன்று இருந்தது.

மறுநாள்தான் ஆடு. தவக்காலம் முழுக்க இறைச்சி தொடாமல் இருந்துவிட்டு, பெரிய சனி காலையில் ஆண்கள் மொன்ட்ரியால் தீவுக்கு வெளியே ஒரு பண்ணைக்குப் போய் ஆடு அடித்து வந்து, எங்கள் கராஜில் பங்கு பிரிப்பார்கள். தொடையில் கொஞ்சம், நெஞ்சில் கொஞ்சம், ஈரலில் கொஞ்சம் என்று எல்லாக் குவியலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். வருஷா வருஷம் வெட்டிப் பிரிக்கிறவன் டெனிஸ்டன்தான். அவன் கை நேரானது, யாரும் முணுமுணுத்ததில்லை. இந்த முறை, “சஜியைத் தனிய விட்டிட்டு வரேலாது அண்ணை” என்று நின்றுவிட்டான். கத்தி இவர் கைக்கு வந்தது. இரண்டு பியரும் உள்ளே போயிருந்தது.

மத்தியானம் நல்ல வெயில். கராஜ் கதவு திறந்திருந்தது. நான் குசினி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மேலே டெனிஸ்டன் கயிற்றை இழுத்து இழுத்துச் சோட்டிகளைக் காயப்போட்டுவிட்டு உள்ளே போனான். பங்குக்கு வந்திருந்த அருமைநாதன் அண்ணை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

“கோயில் கொடியேத்தத்துக்கு இன்னும் நாள் கிடக்கு. இஞ்ச இப்பவே ஏறிப்போச்சு!”

கராஜ் முழுக்கச் சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. கையில் இருந்த வெட்டுக்கத்தியோடு வெளியே வந்தார். ஆட்டு இரத்தம் முழங்கைவரை வழிந்திருந்தது. என்னைக் கடந்து போகும்போது மூச்சு நாய்க்கு இரைப்பதுபோல இரைத்தது. படியில் ஏறினார், வெட்டினார்.

டெனிஸ்டன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். அறுந்த கயிறு பல்கனியில் ஊசலாடியது. உள்ளே போய் வெறுங்கூடையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தான். குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினான். ஒரு நீலச் சோட்டியின்மேல் இவர் காலை வைத்தார். சப்பாத்தில் சேறும் இரத்தமும்.

“அண்ணை, காலை எடுங்கோ.”

“உனக்கு வெக்கமில்லையேடா? றோட்டில போற சனமெல்லாம் பாக்குது. எங்கட குடும்ப மானம் கப்பலேறுது.”

“காலை எடுங்கோ. திருப்பித் தோய்க்கவேணும். மேல உலை கொதிக்குது.”

கன்னத்தில் அறைந்தார். டெனிஸ்டனின் தலை ஒரு பக்கம் திரும்பித் திரும்பவும் நேரே வந்தது. அவன் கூடையை விடவில்லை. இன்னொரு அறை. உதடு வெடித்து இரத்தம் நாடியில் இறங்கியது. றோட்டில் நாயோடு போன ஒரு வெள்ளைக்காரர் நின்று பார்த்தார். நான் வெங்காயத்தைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

“நான் எப்பிடி இருந்தனான் எண்டு உனக்குத் தெரியுமே?” இவருக்குத் தொண்டை கிழிந்தது. “நான் தாடி வளர்த்தனான்ரா! ஒரு உயிரைத் தொடேல்லை. ஒரு பிணத்தைத் தொடேல்லை. புருஷன் செய்யவேண்டியதை நான் செய்தனான். நீ என்ன செய்யிறாய்? பாவாடை தோய்க்கிறாய்!”

டெனிஸ்டன் நிமிர்ந்தான். அண்ணனின் கண்ணைப் பார்த்து அவன் பேசி நான் அதுவரை கண்டதில்லை.

“ஓம் அண்ணை. நீங்கள் தாடி வளர்த்தனீங்கள். அண்ணி கூடை தூக்கினவ.”

கராஜில் சிரிப்பு நின்றது. அத்தனை வருஷமாக அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை, சேற்றில் நின்றுகொண்டு, சாதாரணக் குரலில் சொல்லிவிட்டான்.

இவர் முட்டியை மடக்கி அவன் வாயில் குத்தினார். கழுத்துச் சட்டையைப் பிடித்துக் கராஜுக்குள் இழுத்துப் போய், பங்கு பிரித்துக்கொண்டிருந்த மேசையில் மோதினார். இறைச்சிக் குவியல்கள் சிதறின, ஈரல் துண்டுகள் சிமெந்தில் வழுக்கிப் போயின. டெனிஸ்டன் திமிறித் தன் நெற்றியால் இவருடைய மூக்கில் இடித்தான். மூக்கு உடைந்தது. இரத்தம் இரண்டு பக்கமும் கொட்ட, அதைக் கண்டதும் இவருக்கு மனிதப் புத்தி போய்விட்டது. தம்பியின் வலது கையை மணிக்கட்டில் பிடித்து, ஆட்டெலும்பு கொத்தும் மரக்குற்றியில் அழுத்தினார்.

“இந்தக் கைதானே! இந்தக் கைதானேடா தோய்க்கிறது!”

மற்றக் கையிலிருந்த வெட்டுக்கத்தி இறங்கியது. கூர்ப் பக்கமா முதுகுப் பக்கமா என்று பார்த்துப் போடுகிற நிலையில் அவர் இல்லை. முதுகுப் பக்கம் விழுந்தது மாதாவின் புண்ணியம். விரல்கள் நொறுங்கிய சத்தத்துக்கும் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சத்தத்துக்கும் வித்தியாசம் இருக்கவில்லை. டெனிஸ்டன் கத்தினான். இவர் மறுபடியும் ஓங்கினார்.

கராஜில் நின்ற மற்ற ஆண்களைப் பற்றி என்ன சொல்ல? விடியற்காலையில் ஆட்டைக் காலைப் பிடித்துக் கிடத்தியவர்கள், ஒரு மனிதனின் கையைப் பிடிக்கத் தைரியமில்லாமல் சுவரோடு சுவராக நின்றார்கள். “பேனாட், விடும், விடும்” என்று வாய் மட்டும் சொன்னது.

என் கைக்கு அகப்பட்டது ஆட்டின் பின்னந்தொடை. இரண்டு கையாலும் தூக்கி இவருடைய காதடியில் அடித்தேன். ஆடினார், விழவில்லை. கல்லானாலும் கணவன் என்பார்கள். கல்லென்று தெரிந்திருந்ததால் இரண்டாம் அடியைப் பலமாகவே போட்டேன். முழங்கால் மடிந்து இறைச்சிக்கு நடுவில் விழுந்தார். கத்தி எங்கேயோ போய் மோதிச் சத்தம் போட்டது. அடிக்க அடிக்க எனக்கு ஆறவில்லை. இன்னும் ஒன்று போட்டிருப்பேன்.

அப்போதுதான் மேலேயிருந்து குரல் கேட்டது.

“டெனி! டெனி!”

சஜிதா பல்கனியில் நின்றாள். வெறுங்கால். ஒரு கையால் வயிற்றைத் தாங்கி, மறு கையால் கைப்பிடியைப் பிடித்து முதல் படியில் கால் வைத்துவிட்டாள்.

“இறங்காதை!” டெனிஸ்டன் உடைந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அலறினான். “சஜி, இறங்காதை! அப்பிடியே இரு!”

அவள் இரண்டாவது படியில் கால் வைத்தாள். அவளுடைய வெள்ளைச் சோட்டியின் கீழ்க்கரை சிவந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சிவப்பு காலில் இறங்கிக் குதிக்காலுக்கு வந்து, படியின் கம்பி இடுக்கால் கீழே சொட்டியது.

நான் ஓடினேன். அதே படி. அந்த விழுகைக்குப் பிறகு நான் அதில் கால் வைத்ததேயில்லை, மேல்வீட்டுக்குப் போவதென்றால் முன்வாசலால் சுற்றித்தான் போவேன். அன்று எதுவும் நினைவில் வரவில்லை. அவளை அணைத்து, படியிலேயே சரித்து, கால்களை என் தோளில் உயர்த்தி வைத்தேன். டெனிஸ்டன் இடது கையால் துவாய்களையும் ஒரு படுக்கைச் சீலையையும் அள்ளிக்கொண்டு வந்தான். ஒன்று நனைய இன்னொன்று. “அக்கா, பிள்ளை அசையேல்லை” என்றாள் சஜிதா. “அசையும், நீர் கதையாதையும்” என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? சொன்னேன், அவ்வளவுதான். “மாதாவே, இதையும் எடுத்தா நான் உம்மட கோயில் வாசலை மிதிக்கமாட்டன்” என்று மனதுக்குள் மிரட்டினேன். கெஞ்சுகிற வயது எனக்குப் போய்விட்டது.

அம்புலன்ஸ் வந்தது. அதில் வந்த பெண் சஜிதாவைக் கட்டிலோடு கட்டிக்கொண்டே டெனிஸ்டனின் கையைப் பார்த்துவிட்டுப் பிரெஞ்சில் என்ன நடந்தது என்று கேட்டாள். “லா போர்த்” என்றான் அவன். கராஜ் கதவுக்குள் அகப்பட்டதாம். அந்தக் கதவு மூக்குடைந்து உள்ளே குந்தியிருக்கிறது என்று சொல்ல வாய் உன்னியது. பிள்ளைக்கு நேரம் போகக் கூடாது என்று விட்டேன். அவனையும் ஏற்றிக்கொண்டு சத்தம் போட்டபடி போனார்கள்.

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம். “பாவம் பெடிச்சி” என்று தலையை ஆட்டிக்கொண்டே அருமைநாதன் அண்ணை சிமெந்தில் கிடந்த இறைச்சியைக் கழுவித் தன் பைக்குள் போட்டார். மற்றவர்களும் ஆளுக்கொரு பை. கொஞ்ச நேரத்தில் கராஜில் நானும் இவரும் மட்டும் மிஞ்சினோம்.

இவர் மரக்குற்றியில் உட்கார்ந்திருந்தார். மூக்கு வீங்கி, மேல்சட்டை முழுக்க இரத்தம். எது ஆட்டுடையது, எது தம்பியுடையது, எது தன்னுடையது என்று அவருக்கே தெரிந்திருக்காது. வெளியே தெரிந்த படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் துவாய்கள், படுக்கைச் சீலை, சேற்றில் மிதிபட்ட நீலச் சோட்டி எல்லாவற்றையும் கூடையில் அள்ளிவந்து அவருடைய காலடியில் போட்டேன்.

“தோயுங்கோ.”

“என்ன?”

“அவன்ர கையை முறிச்சது நீங்கள். இனி அந்தக் கை செய்யிற வேலையை நீங்கள்தான் செய்யவேணும். தோயுங்கோ.”

எழுந்தார். கை ஓங்கினார். வெட்டுக்கத்தி அப்போது என் கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று நினைவில்லை. ஆனால் முதுகுப் பக்கம் என்னைப் பார்த்தும், கூர்ப் பக்கம் அவரைப் பார்த்தும் இருந்தது நன்றாக நினைவிருக்கிறது. விளையாட்டுக்குப் பிடிக்கவில்லை. இன்னும் ஒரு அடி முன்னால் வந்திருந்தால் போட்டிருப்பேன். அவருக்கும் அது விளங்கியது. ஓங்கிய கை மெல்ல இறங்கியது.

கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். தொட்டிக்குள் கொட்டினார். குழாயைத் திறந்தார். ஆவி பறந்தது.

“சுடுதண்ணி ஊத்தினா ரத்தம் போகாது, ஒட்டிப்பிடிச்சிடும்” என்றேன். “பச்சைத் தண்ணி.”

மற்றக் குழாயைத் திறந்தார். தொட்டி சிவந்தது. ஊற்றிவிட்டு மறுபடி நிரப்பினார், மறுபடி சிவந்தது. உணவகத்தில் அவ்வளவு பாத்திரம் தேய்த்த கைகள், ஒரு துவாயை எப்படிப் பிடித்துக் கசக்குவதென்று தெரியாமல் தடுமாறின. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. வாசலில் நின்றேன், கத்தியைக் கீழே வைக்காமல்.

பாஸ்கா பூசைக்குச் சனம் போகத் தொடங்கிய நேரத்தில் போன் அடித்தது. டெனிஸ்டன். அவருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டினேன்.

“அண்ணி, ரத்தம் நிண்டிட்டுது.” அவன் அழுதுகொண்டு பேசினான். “பிள்ளையின்ர நெஞ்சு அடிக்குது, நான் கேட்டனான். இனிப் பிள்ளை பிறக்குமட்டும் ஆஸ்பத்திரியிலதானாம். இவ்வளவு நாளும் பாரம் ஒண்டும் தூக்காமல் படுத்திருந்தபடியாத்தான் இதுவரைக்கும் வந்ததாம் எண்டு டொக்டர் சொல்லுறார். இல்லாட்டி எப்பவோ உடைச்சிருக்குமாம்.”

நான் சுவரில் சாய்ந்து அழுதேன். சத்தம் போட்டு அழுதேன். கத்தி கையிலிருந்து விழுந்தது.

இவர் அசையவில்லை. கைகள் தண்ணீருக்குள் அப்படியே இருந்தன. தாடி வைத்தும் போன பிள்ளை ஒன்று, தாடியை வழித்தும் நின்ற பிள்ளை ஒன்று. அந்தக் கணக்கு அவருடைய முகத்தில் ஓடுவதைப் பார்த்தேன். பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பாவப்படுவதற்காக என்மேல் எனக்குக் கோபமாகவும் இருந்தது.

என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

“அண்டைக்கு... நீ விழுந்த அண்டைக்கு, உன்ர உடுப்பு... ஆர் தோய்ச்சது?”

“நான்தான்” என்றேன். “ஆஸ்பத்திரியால வந்து, உங்களுக்கும் காட்ஸ் விளையாட வந்த ஆக்களுக்கும் சோறு போட்டிட்டு, நான்தான் தோய்ச்சனான்.”

அவருடைய தோள்கள் குலுங்கின. தண்ணீர் வெளிறும்வரை கசக்கினார், பிழிந்தார், கூடைக்குள் போட்டார். வெளியே வந்து கயிற்றைத் தேடினார். அது சேற்றில் அறுந்து கிடந்தது. பிறகு ஈரக் கூடையை இடுப்பில் வைத்து, இரும்புப் படியில் ஒவ்வொரு படியாக ஏறி, கைப்பிடியில் துவாய்களை விரித்தார், சீலையை விரித்தார், கடைசியில் அந்த நீலச் சோட்டியையும் விரித்தார். கோயிலுக்குப் போன சனம் றோட்டில் நின்று பார்த்தது.

ஈரத் துணி நிறைந்த கூடை நல்ல கனம். நான் கை கொடுக்கவில்லை.